ஷாக் அப்சர்வர்

இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் தெரியாது. பார்வையை வேறெங்காவது வைத்துவிட்டுத் திரும்பினால் தெரியும், கடிகாரத்தின் பெரிய முள் மாதிரி. மதியம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்து தண்ணீர் குடிக்க முன்னறைக்கு வந்தேன், சன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி எதிர்வீட்டு வேலியையும் அதன்மேல் காயப்போட்டிருந்த போர்வையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது, செம்பை வாய்க்குக் கொண்டுபோகும்போது பார்த்தேன், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சைக்கிளின் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு மெல்லிய கால்களும் கீழ்க்குழாய்களுக்குள் இறங்கியிருந்து, இப்போது மெதுவாக, மூட்டுவலிக்காரர் தரையிலிருந்து எழுந்திருப்பது போல எழுந்துகொண்டிருந்தன. யாரோ இதுவரை உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறார்கள். யாரோ என்று ஏன் சொல்கிறேன். கோகிலம்தான். என் மனைவி. அவள் இறந்த பிறகு வருகிற மூன்றாவது மழைக்காலம் இது. செம்பைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன், ஏன் என்று தெரியாது, வீட்டில் தூங்குவதற்கு வேறு யாரும் இல்லை. ஃபோர்க்கிலிருந்து அந்தச் சத்தம் வந்தது, பல்லிடுக்கில் மூச்சை இழுப்பது போல ஒரு ஸ்ஸ், நிற்கும், மறுபடி ஒரு ஸ்ஸ். இன்றைக்கு வந்திருக்க வேண்டாமே கோகிலம். இன்றைக்கு ஆள் வருகிறான், இதை எடுத்துக்கொண்டு போக, கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டானாம், உன் மகள் காலையிலேயே ஃபோன் செய்து சொல்லிவிட்டாள். “அப்பா, நவநீதன்னு ஒருத்தர் வர்றார். பழைய சைக்கிளாத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். நல்லா வச்சுக்குவார். நீங்க எதையாவது பேசித் திருப்பி அனுப்பிடாதீங்க.” இந்தச் சைக்கிள் இங்கே இருக்கும்வரை நான் கோத்தகிரியை விட்டுத் திருப்பூருக்கு அவள் வீட்டுக்கு வரமாட்டேன் என்பது சுகந்திக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்பது மட்டும் தெரியாது. அம்மா வந்து சைக்கிளில் உட்காருகிறாள், அதைக் கொடுத்துவிட்டால் வருகிறவள் எங்கே உட்காருவாள் என்று ஒரு தகப்பன் மகளிடம் எப்படிச் சொல்வது. வருகிறவனிடம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். இன்றைய வேலை அவ்வளவுதான். தருவதாக இல்லை தம்பி. சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள் சரியாகத்தான் இருந்தது.

இது ஊருக்குள் வந்தபோது யாரும் இதைச் சைக்கிள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர்த் திட்டத்துக்கு வந்திருந்த ஹாலந்துக்காரர் ஒருவர் தன் நாட்டிலிருந்து கொண்டுவந்தது, திரும்பிப் போகும்போது கோகிலத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார், காமாலையில் கிடந்தவரை அவள் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டதற்காக. அவள் கிராம நர்ஸ். சொட்டு மருந்தும் ஊசி மருந்தும் வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் ஏறி இறங்கி நடந்துகொண்டிருந்தவள். சைக்கிளோடு மார்க்கெட்டில் இறங்கிய அன்று ஆட்கள் வந்து வந்து அதன் முன்பக்கத்தை அழுத்திப் பார்த்தார்கள், சந்தையில் மாட்டின் முதுகை அழுத்துகிற மாதிரி. டீக்கடை பெள்ளன், “நர்ஸம்மா, இதுக்கு முழங்கால் இருக்குது. நாளைக்கு வலி வந்தா நீங்கதான் ஊசி போடணும்” என்றார். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிந்து நிமிரும், அதனால் பிள்ளைகள் கும்பிடு சைக்கிள் என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் மட்டும் முறையான பெயரைச் சொன்னோம். ஷாக் அப்சர்வர். லாரிக்காரர்களும் மெக்கானிக்குகளும் அப்படித்தான் சொல்வார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், மிச்ச இங்கிலீஷை அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தவன், அப்சர்வர் என்ற வார்த்தையை அதில் தேடினேன், கவனித்துப் பார்ப்பவர் என்று போட்டிருந்தது. பொருத்தமாகத்தான் பட்டது. தேர்தலுக்கு அப்சர்வர் வருவார், எதிலும் கை வைக்கமாட்டார், உட்கார்ந்து பார்ப்பார். இதுவும் பாதையில் விழுகிற அடியையெல்லாம் முன்னால் நின்று பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டேன். வெகுகாலம் கழித்து, சுகந்தி காலேஜில் படிக்கும்போது, “அப்சர்வர் இல்லப்பா, அப்சார்பர். உறிஞ்சிக்கிறது. ஊர்ல எல்லாரும் தப்பாச் சொல்றாங்க” என்றாள். கோகிலம் கீரை ஆய்ந்துகொண்டே, “அது உறிஞ்சுதோ பார்க்குதோ, என் இடுப்புக்குத் தெரியும்” என்றாள். வாயைத் திருத்திக்கொண்டேன். மனம் திருந்தவில்லை. சைக்கிள் நிற்கிற இடத்திலிருந்து படுக்கையறைக் கதவு வழியாக என் கட்டில் நேராகத் தெரியும். அவள் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள். நான் தூங்குவதை. அது பிடித்திருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, நெஞ்சுக்கூடு முடிகிற இடத்தில், அங்கே கை வைத்தால் ஒன்று, எடுத்தால் மற்றது.

இப்போது வருகிற ஃபோர்க்குகளையும் பார்த்திருக்கிறேன், விடுமுறைக்கு மலைக்கு வருகிறவர்கள் ஓட்டுகிறார்கள், கால்கள் என் முழங்கை கனத்துக்கு, உள்ளே எண்ணெயும் காற்றும் அடைத்து, பள்ளத்தில் சத்தமில்லாமல் இறங்கிச் சத்தமில்லாமல் ஏறும். நல்லவைதான். ஆனால் அவற்றுக்கு வெயில் மழை தெரியாது. இதற்குள் வெறும் ரப்பர் வில்லைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, தட்டில் அடுக்கிய வடை மாதிரி. கீழே மேட்டுப்பாளையம் வெயிலுக்குப் போனால் குழைந்து தலையைத் தொங்கப்போட்டுவிடும். தை மாதத்து உறைபனியில் கல்லாகிவிடும், ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் அடி தோள்பட்டை வரைக்கும் வரும். அதனால் கோகிலம் வேலைக்குக் கிளம்பும் முன் குளிக்கக் காய்ச்சிய வெந்நீரில் ஒரு செம்பு கொண்டுவந்து அதன் இரண்டு கால்களிலும் ஊற்றுவாள். சுருக்கம் சுருக்கமாக ரப்பர் உறை போட்ட கால்கள் ஆவி பறக்க நிற்கும். பக்கத்து வீட்டு லில்லி டீச்சர், “என்ன கோகிலம், கட்டினவருக்குக்கூட நீ இப்படிக் கால் கழுவி விட்டிருக்க மாட்டே” என்பாள். “கட்டினவரு என்னைத் தூக்கிட்டா மலை ஏர்றாரு” என்பாள் இவள், நான் கேட்கும்படியாக. பிறகு ஒரு வருஷம் அது இறங்கியது இறங்கியபடியே நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன், வில்லைகள் உருகிப் பாகாகியிருந்தன, விரலில் ஒட்டினது மண்ணெண்ணெய்க்குத்தான் போயிற்று. கோகிலத்தின் ஹவாய் செருப்பு வாசலில் கிடந்தது. இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றின் விளிம்பைத் தீட்டி, செருப்பின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினேன், வட்டம் வட்டமாக வந்தது, மேலே வெள்ளை, கீழே நீலம். சாயங்காலம், “ஏங்க, என் செருப்பு எங்க?” “ஒண்ணு அங்கதான் கிடக்கு, பாரு.” “இன்னொண்ணு?” “சைக்கிள் போட்டிருக்கு.” மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்தாள். “அப்ப நாளைக்கு அதையே டூட்டிக்கு அனுப்புங்க. ஊசியும் அதே போடட்டும்.” செருப்பு ரப்பருக்கு ஒரு குணம், உட்கார்ந்தால் உடனே இறங்கிவிடும், எழுந்திருக்கத்தான் நேரம் எடுத்துக்கொள்ளும், குளிரில் இன்னும் அதிக நேரம், இறங்கிப் போனவரை விட மனமில்லாத மாதிரி. அவள் போன பிறகு, பழைய வில்லைகள் தட்டையாகிவிட்டதால், அவள் கடைசியாகப் போட்டிருந்த ஜோடியை வெட்டிப் போட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வேறென்ன செய்வது அதை. எறிய முடியாது. வாசலில் விடவும் முடியாது, வாசலில் கிடந்தால் ஆள் உள்ளே இருப்பதாக அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஃபோர்க்கின் இடது கால் உறை கிழிந்துபோனதால் எடுத்துவிட்டேன், அந்தக் காலில் ஒரு கறுப்பு நூல் சுற்றியிருக்கிறது, அது ஹாலந்துக்காரர் சொல்லிக்கொடுத்த வித்தை. ஆள் ஏறி உட்கார்ந்து மேல்கால் இறங்கும்போது கீழ்க்குழாயின் வாய் நூலை மேலே தள்ளும், ஆள் இறங்கிக் கால் எழுந்த பிறகும் நூல் தள்ளின இடத்திலேயே நிற்கும், எவ்வளவு எடை ஏறியது என்று பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. நான் தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை எடை போட்டவன், வேலைக்காலம் முழுக்க தராசு முள்ளைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை. கோகிலம் ஏறினால் நூல் ஒரு விரல் அகலம் போகும். மழை நாளில் கொஞ்சம் கூட நிற்கும், நனைந்த இலையில் தண்ணீரின் எடையைக் குறைத்து ஈரக்கழிவு போடுகிற மாதிரி அவள் ரெயின்கோட்டுக்கு ஒரு கழிவு போட்டுவிட்டு, அதே எடைதான் என்பேன். “மனுசியை எடை போடற புருசன் உங்களை மாதிரி ஒருத்தர்தான்” என்பாள். கடைசி மாதங்களில் அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தூக்கினேன், மூட்டை தூக்கிப் பழகிய கை ஓர் எடையை எதிர்பார்த்துத் தூக்கிற்று, எதிர்பார்த்தது வரவில்லை, இல்லாத படியில் கால் வைத்த மாதிரி கை மேலே போய்விட்டது. “மெதுவாங்க, கூரையில முட்டிரப்போறேன்” என்றாள். அந்தக் கை இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் முதல் தடவை, ஒரு காலையில், முன்பக்கம் தாழ்ந்து எழுந்துகொண்டிருந்ததையும் நூல் இரண்டு விரல் அகலம் மேலே நின்றதையும் பார்த்தபோது, பயத்துக்கு முன்னால் சந்தோஷம் வந்தது. இரண்டு விரல். ஈரத்துக்குக் கழித்தேன். ரப்பர் மிருதுவாக இருப்பதற்குக் கழித்தேன். அப்படியும் மிச்சம் இருந்தது. உடம்பு தேறியிருக்கிறாள். போன இடத்தில் சாப்பிடுகிறாள். நூலைக் கீழே தள்ளி வைப்பேன், விடிந்து பார்த்தால் மறுபடி அதே இடம். சில நாள் பகலிலும், இன்று மாதிரி, நான் கண்ணயர்ந்து எழுந்தால். சுகந்தி வந்து தங்குகிற நாட்களில் வந்ததில்லை. அந்த நாட்களில் நானும் சரியாகத் தூங்குவதில்லை, கோகிலமும் மகள் பயந்துவிடுவாள் என்று ஒதுங்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நான் ஒருநாளும் அதில் ஏறியது கிடையாது. எனக்குச் சைக்கிள் ஓட்ட வராது. பயம் ஒன்றே ஒன்றுதான், அவள் உட்கார்ந்திருக்கும்போதே நான் விழித்துக்கொண்டால் என்ன செய்வது. கதவு வழியாகப் பார்த்தால் முகம் தெரியுமா. எந்த முகம், தேறின முகமா, முந்தைய முகமா. அதனால் விழித்தாலும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் கிடப்பேன். அவள் இறங்கிப் போகட்டும் என்று.

ஜீப் சத்தம் முதலில் வந்தது, பிறகு மூடுபனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள், பிறகு ஆள். முப்பது வயதிருக்கும், குட்டைத் தாடி, கழுத்தில் கம்பளி மப்ளர், மலைக்கு வருகிறோம் என்று கீழேயே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். “வணக்கமுங்க ஐயா. நவநீதனுங்க. அக்கா சொல்லியிருப்பாங்க.” செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவன் என்னிடம் அதற்குமேல் பேசவில்லை, சைக்கிளைப் பார்த்துவிட்டான். நடந்து போய் அதன் முன்னால் மண்டியிட்டான். கையை நீட்டினான், தொடவில்லை, குளிர் காய்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தான். “இதைப் படத்துல மட்டுந்தானுங்க பாத்திருக்கேன். ஒரு கால்ல உறை அப்படியே இருக்குதுங்க.” உள்ளங்கையால் கைப்பிடியை அழுத்தினான். இறங்கியது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். அது ஸ்ஸ் என்றது. “இது எந்திரிக்கறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துருவேனுங்க” என்று சிரித்தான். “உள்ள என்ன ரப்பருங்க போட்டிருக்கீங்க?” “ஹவாய் செருப்பு.” நிமிர்ந்து பார்த்தான், கேலி செய்கிறேனா என்று. “நெசமாலுமுங்களா. உங்க செருப்புங்களா?” “என் வீட்டுக்காரம்மா செருப்பு.” அதற்கு அவன் சிரிக்கவில்லை, அதனால் எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று, பிடித்துப்போனதால் சொல்ல வேண்டியது கொஞ்சம் தள்ளிப்போயிற்று. அவன் பேசிக்கொண்டே போனான். “இப்ப வர்ற ஃபோர்க்கெல்லாம் மேடு பள்ளமே தெரியாமக் கொண்டு போய் விட்டுருமுங்க. இதுக சொல்லுமுங்க. இப்ப கல்லு வந்துச்சு, இப்ப மரவேரு வந்துச்சுன்னு சொல்லிட்டே போகும். எனக்கு அதுதானுங்க வேணும்.” சொல்லிவிடு என்றது மனம். தருவதாக இல்லை தம்பி, இவ்வளவு தூரம் வந்ததற்கு மன்னிக்க வேண்டும். அவன் ஃபோனை எடுத்துத் துடைத்தான். “ஐயா, வெச்சிருந்தவங்க ஏறி உக்காந்த மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கறது வழக்கமுங்க. யாரு கையில இருந்து வந்துச்சுன்னு தெரியணுமில்லீங்களா.” “எனக்கு ஓட்டத் தெரியாது தம்பி.” “ஓட்ட வேண்டாமுங்க. சொவத்தப் புடிச்சுட்டுச் சும்மா உக்காந்தாப் போதுமுங்க.” போட்டோ மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம், வெறுங்கையோடு போனதாக இருக்காது. கோகிலத்திடம் மனசுக்குள் அனுமதி கேட்டேன், ஒரு நிமிஷம்தான். அவன் குனிந்து நூலைக் கீழ்க்குழாயின் வாய்வரை தள்ளி வைத்தான். “எவ்வளவு எறங்குதுன்னும் பாத்துக்கலாமுங்க.”

என் வலது கால் எழுந்தது. படி ஏறினாலே வலித்து நின்றுவிடுகிற முழங்கால், சைக்கிள் தண்டுக்கு மேலாகப் போய் அந்தப் பக்கம் இறங்கியது, இறங்கின பாதம் தேடவில்லை, பெடலின் மேலேயே போய் உட்கார்ந்தது. வலது முழங்கை சுவருக்குப் போனது. போன இடத்தில் சுண்ணாம்பு வழவழவென்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கறை, எண்ணெய்ப் பிசுக்கேறி, பளபளப்பாக, என் முழங்கை பொருந்துகிற உயரத்தில். சைக்கிள் மறைப்பில் இருந்ததால் நான் பார்த்ததில்லை. உள்ளங்கைகள் கைப்பிடியில் இறங்கின, ஃபோர்க் கீழே போயிற்று, நன்றாக உட்கார்ந்த ஆளுக்கு வருகிற பெருமூச்சு வந்தது, என்னிடமிருந்தா அதனிடமிருந்தா தெரியவில்லை. எதிரே கதவு. கதவுக்குள் கட்டில். போர்வை ஒதுங்கி, தலையணையில் தலை வைத்த பள்ளம், அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஆள் இல்லை. “இங்க பாருங்கய்யா. கொஞ்சம் சிரிங்க. சரிங்க, வந்துருச்சு, எறங்கிக்கலாமுங்க.” இறங்கினேன். அவன் மறுபடி மண்டியிட்டு நூலைப் பார்த்தான். “ஐயா தெனமும் இதுல உக்காருவீங்களாட்ட இருக்குதுங்க.” “இல்லையே.” “கோடே விழுந்திருக்குதுங்களே. நூலு நின்னு நின்னு, கறுப்பா. இப்பவும் அச்சா அதே எடத்துலதான் வந்து நிக்குது. ரெண்டு வெரக்கடை.” குனிந்து பார்த்தேன். தராசு முள்ளைப் பார்த்தே கெட்டுப்போன கண். ஈரம் அதே ஈரம், ரப்பர் அதே ரப்பர். கழிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவள் தேறவில்லை. எங்கும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் தூக்கியபோது எவ்வளவு இருந்தாளோ அவ்வளவிலேயே போய்விட்டாள், வரவே இல்லை, ஒருநாள்கூட. அப்படியானால் இத்தனை நாளும் தூக்கத்தில் எழுந்துபோய் இங்கே உட்கார்ந்து கதவு வழியாக என் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். காலிக் கட்டிலை. அவள் இறங்கிப் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அங்கே கிடந்ததும் நான். கிடந்தது எப்போது, உட்கார்ந்தது எப்போது. இரண்டுக்கும் நடுவில் நடந்து வந்தவன் இந்த அறைக்கதவைத் தாண்டும்போது அவன் கண் திறந்திருக்குமா. அவன் என்னைவிடத் தைரியசாலி. அவனுக்கு முழங்கால் வலி இல்லை, பெடல் எங்கே இருக்கிறதென்று தெரியும். உட்காரத் தெரிந்தவன் ஒருநாள் மிதிப்பான். வாசலைத் தாண்டினால் ரோடு, ரோடு ஏறுவதே இல்லை, கொண்டை ஊசி வளைவுகளாக மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கிக்கொண்டே போகும், அந்த வளைவுகளில் மூடுபனி நிற்கிற இடத்தில் தடுப்புச் சுவர்கூட இல்லை.

“எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி.” அதைச் சொன்னது என் குரல்தான். அவன் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, போர்வை விரித்து, முன்சக்கரத்தைக் கழற்றித் தனியாக வைத்து, குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி படுக்கவைத்தான். “உள்ள இருக்கற செருப்பு ரப்பரைக் கழட்டி உங்களுக்கு அனுப்பி வெக்கட்டுங்களா ஐயா?” “வேண்டாம். அது போட்டுக்கிட்டே போகட்டும்.” முன்னறை பெரிதாகிவிட்டது. சுவரில் அந்தக் கறை மட்டும் நின்றது, அதன் முன்னால் ஒன்றும் இல்லை, முழங்கை மட்டும் அந்தரத்தில் இருக்கிற மாதிரி. இன்றைக்கும் தூக்கத்தில் நடக்கிற அவன் எழுந்து வருவான். வழக்கமான இடத்துக்கு வந்து காலைத் தூக்குவான், தூக்கின கால் சும்மா இறங்கும். கொஞ்ச நேரம் நிற்பான். பிறகு தேடிக்கொண்டு வெளியே போவான், எனக்குத் தெரியும், நானாக இருந்தால் போவேன். பின்கதவு மழைக்கு உப்பிப்போய்த் திறக்க வராது, சன்னல்களில் கம்பி இருக்கிறது. இந்த ஒரு கதவுதான். நவநீதன் செருப்பைப் போட்டுக்கொண்டு கும்பிட்டான். “தம்பி, போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டுப் போங்க.” தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்து அவன் தலையைச் சாய்த்தான். “நீங்க உள்ள இருக்கறீங்களேங்க.” “ஆமா. கதவு நிக்கமாட்டேங்குது, காத்துக்குத் திறந்துக்குது. காலையில பால்காரப் பொண்ணு மாதி வந்து திறந்துவிடுவா.” அவன் கதவைப் பார்த்தான், காற்றே இல்லாத மூடுபனியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கட்டுங்களா?” “சொல்லுங்க.” கதவை இழுத்துச் சாத்தினான். இரும்பு இரும்போடு உரசிக்கொண்டு போய் நின்றது. ஒருதரம் வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தான், சரியாக விழுந்திருக்கிறதா என்று. ஜீப் கிளம்பி, முதல் வளைவில் ஹாரன் அடித்து, அதற்குமேல் கேட்கவில்லை. கதவில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இருப்பவனால் இனி இதைத் திறக்க முடியாது. வெளியே இருந்து வருகிறவளுக்கு ஒரு விரல் போதும்.